கைநீட்டி வாங்குவது வேறு, கேட்டு வாங்குவது வேறு

இலங்கை மலைநாட்டில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால், லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், பாதிப்பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரையாவது தேடிப் போவார்கள். கடிதம் சிங்களத்தில் இருக்கும். கொழும்பில் கடைகளில் நின்றுவிட்டு வந்த பையன்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் அலுவலகச் சிங்களத்தை வாசித்து, "இன்ன திகதிக்குள்ள இன்னதக் கொண்டுவரச் சொல்றாங்க" என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு, அதாவது ஒரு டிவிசனுக்கு, ஒன்றிரண்டு பேர்தான். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன பிறகு அந்த ஒன்றிரண்டு பேரில் ஒருத்தி ஆனேன்.

கம்பஸில் நான் படிப்பது சமூகவியல். சமத்துவம், நீதி, வர்க்கம், அடையாளம் என்று கிழமை முழுக்க விரிவுரை நடக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வந்து, மஸ்கெலியா பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் அவர்களுடைய கடதாசிகள் அத்தனையும் இருக்கும். பாடத்தில் படித்த நீதி எனக்கு உண்மையில் விளங்க ஆரம்பித்தது அந்தப் பைகளைத் திறந்து பார்த்த பிறகுதான். அதனால் கண்டதையும் கற்றதையும், என்னைப்போல் தோட்டங்களிலிருந்து படிக்கப் போயிருக்கும் தங்கச்சி தம்பிமாருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், எங்கள் ஆட்களுக்குக் கடதாசி என்றால் ஏன் இவ்வளவு பயம் என்பதைச் சொல்லவேண்டும். அப்பாவின் அம்மாவான அப்பாயிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பழைய ரசீது, தடுப்பூசி அட்டை, என்றைக்கோ மூடிப்போன கடையின் பில் உட்பட ஒன்றையும் எறியமாட்டார். சின்ன வயதில் அது எங்களுக்கு விளங்கவில்லை. வரலாறு படித்தபோது விளங்கியது. 1947 பொதுத் தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. அதே வருடம் வந்த இன்னொரு சட்டம், விண்ணப்பித்தால் குடியுரிமை தரலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததாக, திருமணமானவர் 7 வருடத்துக்கும் ஆகாதவர் 10 வருடத்துக்கும் நிரூபிக்கவேண்டும். பிறப்பைப் பதியாதவர்கள், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர்கள், கைநாட்டு வைத்தவர்கள் எதைக் காட்டி நிரூபிப்பது? பிறகு 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து, மிச்சம் 150,000 பேரின் கதையைப் பின்னால் பார்க்கலாம் என்று விட்டது. நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 1988, 2003 ஆகிய வருடங்களின் சட்டங்கள் வேண்டியிருந்தன. ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர்களான குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே இருக்கின்றன. அப்பாயின் தகரப்பெட்டிக்கு இதுதான் காரணம்.

கடதாசியைச் சேர்த்துவைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டு ஓய்வுக்கு வந்தார். சம்பளத்திலிருந்து ஓய்வுக்காகச் சேரும் சேமலாப நிதியை (EPF) எடுக்கப் போனால், பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பெயர் மாரியாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியாய், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் மாரியம்மா. யாரோ ஒரு கிளார்க் என்றைக்கோ தன் வாய்க்கு வந்தபடி எழுதியதுதான் மாரியம்மா. அந்தப் பெயரில்தான் மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, கம்பனி 12 வீதம் போட்டு, இத்தனை வருடமும் பணம் போயிருக்கிறது. வெட்டும்போது யாரும் பெயரைப் பார்க்கவில்லை. கொடுக்கும் நாள் வந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறார்கள்.

பெரியம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "என்னா பிள்ள செய்யிறது, நம்ம தலையெழுத்து" என்றார். அவருக்குப் பதிலாக எனக்குத்தான் வயிறு எரிந்தது.

என்ன செய்தோம் என்பதை விபரமாகவே எழுதுகிறேன், இதே பிரச்சினை தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. மூன்று பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்தோம். கிராம உத்தியோகத்தரிடம் அதற்கு ஏற்றபடி ஒரு கடிதம் வாங்கினோம். மிக முக்கியமானது மூன்றாவது: இந்தச் செக்ரோல் இலக்கமும் இந்தச் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் இவருடையதுதான் என்று தோட்ட நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் உறுதி. இதற்குத்தான் அதிக நாள் இழுத்தடித்தார்கள். "நாளைக்கு வா" என்று வாயால் சொல்வதை நிறுத்தி, எங்கள் கோரிக்கையைக் கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதியைத் தொழில் அலுவலகத்துக்கும் போட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. பணம் கைக்கு வந்தது.

அதிலிருந்து இளம் வயதில் வேலைக்குச் சேரும் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவருகிறேன். முதல் சம்பளத்துண்டு கையில் கிடைத்த அன்றைக்கே, அதிலுள்ள பெயரை அடையாள அட்டைப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள். முதல் வருடத்தில் ஒரு கடிதத்தோடு முடிகிற விஷயத்துக்கு ஓய்வுபெறும் வயதில் மாதக்கணக்கில் அலையவேண்டியிருக்கிறது.

சேவைக்காலப் பணமும் அப்படித்தான். அதைத் தோட்டத்து முகாமையாளரான தொரை மனம்வைத்துக் கொடுக்கும் சன்மானம் என்றே எங்கள் ஊரில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வேலைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்கவேண்டும். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அளவில், வேலையை விட்டு 30 நாளுக்குள். நாட்சம்பளம் 1350 ரூபா, சேவை 30 வருடம் என்றால் 567,000 ரூபா வரும். இந்தக் கணக்கைப் பெரியம்மாவின் வீட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவர் அதைக் கிழித்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தெரிந்த மனுசியை "பாத்துச் செய்வோம்" என்று சொல்லி அனுப்புவது இலேசல்ல.

தொழில் அலுவலகத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கையொப்பம் போடும் நேரம் வந்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எதுவும் கேட்காமலே மைப்பெட்டியைப் பெரியம்மாவின் பக்கம் தள்ளினார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்த அந்த விரல்களைப் பார்த்ததும் கைநாட்டு என்று அவரே முடிவு செய்துவிட்டார். பெரியம்மா மைப்பெட்டியைத் தொடவில்லை. "பேனா குடுங்க சேர்" என்றார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் அவர். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். மனித மாண்பு பற்றி நான் கம்பஸில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் கண்டது அதில் இல்லை.

மொழி விஷயத்தில் சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்திலும் பதுளையிலும் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அந்த அறிவிப்பு இல்லாத இடத்தில்கூட, அரசியலமைப்பின் உறுப்புரை 22இன்படி, அரச அலுவலர்களோடு தமிழில் எழுதிப் பேசி அலுவல் பார்க்கவும், அவர்களிடமிருந்து தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை உண்டு. நமக்குத் தரும் ஆவணத்தைத் தமிழிலோ, தமிழ் மொழிபெயர்ப்போடோ கேட்கலாம். இதைச் சொன்னால் சில இடங்களில், "தமிழ் தெரிந்த ஆள் இல்லை, சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆள் இல்லைதான். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் போதிய அளவு நியமிக்கப்படாததற்கு அந்த மேசையில் இருப்பவர் காரணமில்லை. அதனால் அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள், "தமிழில் பதில் வேண்டும்" என்று அடியில் ஒரு வரி சேருங்கள், இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சிங்களத்தில் வந்தால் அந்தக் கடிதத்தையே இணைத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பலாம். முறைப்பாடுகள் சேர்ந்தால்தான் ஆள் பற்றாக்குறை மேலிடத்தில் கணக்காகத் தெரியவரும். நாமே இரவோடிரவாகச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போனால், பற்றாக்குறை என்ற ஒன்று இருப்பதே வெளியில் தெரியாது.

இதைப் பற்றி ஹொஸ்டலில் என் அறைத்தோழியோடு அடிக்கடி பேசுவேன். அவள் இரத்தினபுரிப் பக்கம் ஒரு சிங்களக் கிராமத்துப் பிள்ளை. அவர்களுக்கும் தேயிலைதான் சோறு போடுகிறது, அரை ஏக்கர் சொந்தக் காணி. அம்மா பறித்து வைக்கும் கொழுந்தை லொறி வந்து ஏற்றிப்போகும். ஒருநாள் அவள், "உங்களுக்கு வீடு சும்மாதானே தருகிறார்கள், நாங்கள் கடன்பட்டுத்தானே கட்டினோம்" என்றாள். மனதில் குத்தலில்லாமல், உண்மையாகவே அப்படி நினைத்துக் கேட்டாள். நான் லயத்தில் எங்கள் வீடாக இருக்கும் ஒற்றை அறையான காம்பராவைப் பற்றிச் சொன்னேன். 10 அடிக்கு 12 அடி, அதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது, அடகு வைக்க முடியாது, விற்க முடியாது, ஒரு சுவர் எழுப்பக்கூடத் தோட்டத்தில் அனுமதி கேட்கவேண்டும், தோட்டத்தில் யாரும் வேலை செய்யாவிட்டால் அதில் இருப்பதே கேள்வியாகிவிடும். கேட்டுவிட்டு நீண்ட நேரம் யோசித்தாள். "எங்களுக்குக் கடன் கிடைத்ததே காணி இருந்ததால்தானே" என்று அவளாகவே சொன்னாள். இன்றைக்கு நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் அவளுடைய அம்மாவைப் போன்ற சிறுதோட்டக்காரர்களின் காணியிலிருந்துதான் வருகிறது. அந்த அரை ஏக்கர் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த முகவரியையும் வங்கிக் கணக்கையும் கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவையும் நினைத்துப் பார்த்தால், காணி கேட்பது ஏன் சம்பளம் கேட்பதைவிடப் பெரியது என்று விளங்கும். அவளுடைய கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதை அன்றைக்குத்தான் நானும் தெரிந்துகொண்டேன். அலுவலகச் சிங்களத்தில் வரும் கடினமான சொற்களை இப்போது அவள்தான் எனக்கு ஃபோனில் விளக்குகிறாள். நான் அவளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

வெளியில் நீதி கேட்கும் நாங்கள் உள்ளுக்குள் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் பேசத்தான் வேண்டும். 2023இல் மலையகத்துக்கு, அதாவது எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்கு வந்து, 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். மலையகத் தமிழர் என்று பெருமையோடு சொல்கிறோம். கலியாணப் பேச்சு என்று வந்தால் முதல் கேள்வி "என்னா ஆளுங்க?" என்பதுதான். "தோட்டக்காட்டான்" என்று யாராவது நம்மைச் சொன்னால் கொதிக்கிற அதே வாய்தான் அடுத்த லயத்துக் குடும்பத்தின் சாதியைச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்கு இது பொறுக்கமுடியாத விஷயம். அதனால் அந்தக் கேள்வி யாரிடமிருந்து வந்தாலும் நான் பதில் சொல்வதில்லை. வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

பெண்கள் விஷயமும் அப்படியே. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், பின்னால் நின்று அதட்டும் மேற்பார்வையாளர்களான கங்காணிமார் பெரும்பாலும் ஆண்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரையில் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா விடியமுன் எழும்பி ரொட்டி தட்டி, தண்ணீர் பிடித்து, காலையில் பெயர் பதியும் பிரட்டுக்கு ஓடி, மழையில் நனைந்து, கொழுந்து கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேர் வாங்கி, வீட்டுக்கு வந்து திரும்பவும் அடுப்படிக்குத்தான் போவார். எங்கள் வீட்டில் இப்போது தம்பி சாப்பிட்ட கோப்பையை அவனே கழுவுகிறான், சனி ஞாயிறில் சோறும் அவனே ஆக்குகிறான். ஆரம்பத்தில் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெரிய வாக்குவாதமே நடந்தது. சமத்துவம் என்று கம்பஸில் தொண்டை கிழியப் பேசிவிட்டு வீட்டில் அம்மாவின் கையால் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கடதாசி வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒரு ஆபத்தையும் கண்டேன். நாலு பேருக்குக் காரியம் முடித்துக் கொடுத்ததும் ஆட்கள் மரியாதை காட்டத் தொடங்குகிறார்கள். கோழி முட்டை கொண்டுவந்து தருவார்கள், எழுந்து நிற்பார்கள். வயதில் மூத்தவர்கள்கூட "மிஸ்" என்பார்கள். ஹட்டனில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வாங்கும் காசைப் பார்க்க இது எவ்வளவோ மேல் என்று நமக்கே தோன்றும். இப்படித்தான் எங்கள் ஊரில் புதிய புதிய தலைவர்கள் உருவாகியிருக்கிறார்கள். பழைய காலத்தில் தொழிலாளர்களைத் திரட்டி வேலை வாங்கிய பெரியகங்காணியும் தொரைக்கும் சனத்துக்கும் நடுவில் நின்ற ஒரே ஆள் என்பதால்தான் பலம் பெற்றார். படித்தவர்கள் அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தால் எங்கள் படிப்பால் சனத்துக்கு என்ன லாபம்?

ஆகவே எனக்கென்று சில பிடிவாதங்கள் வைத்துக்கொண்டேன். யாருடைய மூலப் பத்திரத்தையும் நான் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, ஃபோனில் படம் எடுத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடிதம் எழுதும்போது சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் கேட்கவேண்டும். அலுவலகத்தில் பேசவேண்டியது அவர்தான், நான் பின்னால் நிற்பேன். நானே பேசினால் வேலை சீக்கிரம் முடியும், அது உண்மை. ஆனால் அடுத்தமுறையும் அவர் என்னைத்தான் தேடுவார். இப்போது பெரியம்மா தன் வேலை முடிந்த பிறகு வேறு இரண்டு பெண்களைத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார், எனக்குச் சொல்லாமலே. அந்தச் செய்தியை அம்மா சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சைப் பெறுபேற்றுக்குக்கூட வந்ததில்லை.

கேட்பது எங்களுக்குப் புதிதுமல்ல. 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில், 16 சதம் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர் கோவிந்தன். அதற்கும் முன்னாலேயே தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமுமாகத் தொழிலாளியின் உரிமையை எழுதினார், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் அதையே பாட்டாகப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அவர்கள் காலத்தில் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாக இருந்தது. அதை நினைக்கும்போது, திகதி முத்திரைக்காக ஒரு வரிசையில் அரைநாள் நிற்பது எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

இப்போது எங்கள் டிவிசனில் கையில் எடுத்திருப்பது பாதை. மழை பெய்தால் ஆட்டோ வராது, பிள்ளைத்தாய்ச்சியைக் கதிரையில் வைத்துத் தூக்கிப் போகவேண்டும். முன்பெல்லாம் பிரதேச சபையிடம் கேட்டால், தோட்டத்துக் காணிக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்பார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இது தெரியாமல் இன்னும் பழைய பதிலையே கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டோம். இந்தப் பாதை எந்தப் பட்டியலில் இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்ற இரண்டே கேள்விகள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். சபையின் பட்டியலில் அந்தப் பாதையே இல்லை என்று பதில் வந்தது. இல்லை என்பதும் எழுத்தில் கிடைத்தால் உதவும். அந்தப் பதிலை இணைத்து, அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் பாதையைச் சேர்க்கும்படி லயத்து ஆட்கள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று தயாராகிறது. எழுதுவது சாதாரணதரம் படிக்கும் ஒரு தங்கச்சி. வரைவைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் "தயவுசெய்து உதவி புரியுமாறு" என்று எழுதியிருந்தாள். அதை வெட்டிவிட்டு, "நிறைவேற்றித் தருமாறு கோருகிறோம்" என்று அவளே மாற்றி எழுதிவிட்டாள். அடுத்த கிழமை சபைக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்கு அன்றைக்குப் பரீட்சை இருப்பதால் போகமுடியாது, அவர்களே போய்க் கொடுத்துவிட்டு முத்திரை குத்திய பிரதியின் படத்தை அனுப்புவார்கள்.